கிழக்கே சாய்ந்த புகை

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில், பெங்களூர் லாரிகளின் இரைச்சல் சோற்றுத்தட்டு வரைக்கும் வந்து உட்காருகிற ஆலப்பாறை என்கிற ஊரில், முனிரத்தினம் தன் ஊதுவத்திக் கம்பெனியில் லாவண்டர் வத்தி போட ஆரம்பித்த வருஷம் புகை சாய ஆரம்பித்தது. காற்றில் சாய்வதைச் சொல்லவில்லை, அதைப் போய் யார் மெனக்கெட்டுச் சொல்வார்கள். ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, கதவிடுக்கில் கோணிப்பையைத் திணித்து, ஒரு பொட்டுக் காற்று இல்லாமல் செய்தபிறகும், கொளுத்துகிறவர் மனசு யாருக்காக ஏங்குகிறதோ அவர் இருக்கிற பக்கமாக, ஒருத்தர் கையை நீட்டிக் காட்டுகிற மாதிரி, அந்தப் புகை படுத்துக்கொண்டு போனது. அந்த ஊரில் இன்றைக்கு யாரைக் கேட்டாலும், ஆமா சாயும், அதுக்கென்ன இப்போ என்றுதான் சொல்வார்கள்.

முதலில் அதைப் பார்த்தவள் கெஜலட்சுமி. ஒவ்வொரு லாட்டிலும் ஒரு வத்தியை உருவி, மோந்து பார்த்து, கொளுத்திப் பார்த்து, தேறுமா தேறாதா என்று சொல்வதுதான் கம்பெனியில் அவளுக்கு வேலை. ஐம்பதைத் தொடப் போகிறவள். புருஷன் செத்தபிறகு ஒரே மகளைத் தனி ஆளாக வளர்த்தவள். மூக்கம்மா என்றால்தான் ஊரில் தெரியும். வேலை நாளில் தலைக்கு எண்ணெய் வைக்க மாட்டாள், வெங்காயம் தின்ன மாட்டாள், பவுடர் பூச மாட்டாள், பூ வைக்க மாட்டாள். புருஷன் இருந்த காலத்திலேயே பூ வைக்காதவள் என்பதால், அவன் போனபோது அவளிடமிருந்து பிடுங்கிக்கொள்ள ஊருக்குப் பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை.

அவள் வேலை பார்க்கிற அறைக்கு மோப்ப ரூம் என்று பேர். முதலில் கொளுத்தாமல் மோப்பாள், அப்புறம் கொளுத்தி எட்ட உட்கார்ந்துகொள்வாள். சாம்பல் வெளுப்பாக வளைந்து உதிராமல் நிற்கவேண்டும், பொறி தெறிக்கக்கூடாது, நடுவில் அணையக்கூடாது, மூங்கில் கருகுகிற நெடி செண்டைத் தாண்டி வரக்கூடாது, புகை நூல் பிடித்த மாதிரி நேராக எழுந்து ஒரு முழம் போனபிறகுதான் கலையவேண்டும். வத்தி எரிந்து முடிந்ததும் வெளியே போய், ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்ப உள்ளே வந்து, அறையில் மிச்சம் என்ன நிற்கிறது என்று பார்ப்பாள். அந்த மிச்சந்தான் வாசனை, மத்ததெல்லாம் ஜம்பம் என்பது அவள் கட்சி.

லாவண்டர் பூவை அந்தக் கம்பெனியில் ஒருத்தரும் கண்ணால் கண்டதில்லை. முனிரத்தினம் பெங்களூரிலிருந்து ஒரு பெரிய கேன் நிறைய செண்ட் வாங்கிவந்து, வெளிநாட்டு ஆர்டர், சொதப்பிடாதீங்க என்று இறக்கி வைத்தார். கெஜலட்சுமி மூடியைத் திறந்து கண்ணை மூடிக்கொண்டு மோந்தாள். பச்சைக் கற்பூரம் கொஞ்சம் இருந்தது, நிழலில் காய்ந்த துணி கொஞ்சம் இருந்தது, அடியில் இன்னொன்று இருந்தது, அதற்குப் பேர் அவளுக்கு வரவில்லை. "ஊருக்குப் போனவங்க விட்டுட்டுப் போன தலகாணி மாதிரி இருக்குதுங்க" என்றாள். முனிரத்தினத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நல்லா இருக்குதா இல்லையா, அதைச் சொல்லும்மா" என்றார்.

முதல் லாட் காய்ந்து வந்த அன்று காலையில் அவள் ஒன்றைக் கொளுத்தி வைத்தாள். புகை நேராக எழவில்லை. எழுந்ததும் எழாததுமாகக் கிழக்கே சாய்ந்து, சுவரைப் போய் முட்டி, அங்கேயே அப்பிக்கொண்டு நின்றது. எங்கேயோ காற்று வருகிறது என்று ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். அப்படியும் சாய்ந்தது. கதவிடுக்கில் கோணிப்பையைத் திணித்தாள், ஓட்டுப் பொத்தலில் துணி அடைத்தாள், கடைசியில் தன் மூச்சுதானோ என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். புகை அவளைச் சட்டையே பண்ணவில்லை. வெளியே வந்து, வாசனை பழுதில்லை, எரியறது பழுதில்லை, புகை சாயுது, லாட் தேறாது என்று சொல்லிவிட்டாள்.

கிழக்கே பர்கூர் இருக்கிறது, நாட்றம்பள்ளி இருக்கிறது, வாணியம்பாடி தாண்டிப் போனால் ஆம்பூர் இருக்கிறது, அங்கே ஏதோ ஒரு தெருவில் அவள் மகள் ஜமுனா இருக்கிறாள். எந்தத் தெரு என்று கெஜலட்சுமிக்குத் தெரியாது. கோபத்தில் போன் நம்பரை அழித்தவள் இவள்தான். பிறகு அந்த நம்பரும் மாறிவிட்டது, அவர்கள் வீடும் மாறிவிட்டது என்று கேள்விப்பட்டதோடு சரி.

தோல் கம்பெனியில் தோலை ஊறவைக்கிற தொட்டி வேலை பார்க்கிற தனசீலன் என்கிற பையனை ஜமுனா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து, அம்மா, இவரைத்தான் கட்டிக்கப் போறேன் என்று சொன்ன அன்றைக்கு, அந்தப் பிள்ளை குளித்து முழுகி, புதுச்சட்டை போட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். கெஜலட்சுமி சாதி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. முந்தானையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள். ஊருக்கே மணத்துக்கும் நாற்றத்துக்கும் தீர்ப்புச் சொல்லுகிற மூக்கு அது. அதை அவள் பொத்தினால் என்ன அர்த்தம் என்று கூட நின்றவர்களுக்கெல்லாம் தெரியும். அதோடு நிறுத்தினாளா என்றால் அதுவும் இல்லை. "இந்தத் தோல் நாத்தத்தோட குடும்பம் நடத்தறவ யாரா இருந்தாலும் என் கிட்ட வரக்கூடாது" என்றாள்.

ஜமுனா அழவில்லை. "சரிம்மா, கிட்ட வரலை" என்றாள். வாழைப்பழத்தைப் படியில் வைத்துவிட்டு இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

தேறாத லாட்டை வேலைக்காரர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுப்பது அந்தக் கம்பெனி வழக்கம். அப்படித்தான் லாவண்டர் ஊருக்குள் நுழைந்தது. பேக்கிங்கில் இருக்கிற நூர்ஜஹான் தன் பங்கைக் கொண்டுபோய் வீட்டில் கொளுத்தினாள், புகை மேற்கே போனது. அவள் புருஷன் கடல் தாண்டித் தம்மாமில் வேலையாக இருக்கிறான். எனக்கு மேக்க போவுது, அக்காவுக்குக் கிழக்க போவுது, அது எப்படி என்று அவள் மறுநாள் வாய்விட்டுக் கேட்டதும்தான் கம்பெனியே விழித்துக்கொண்டது. பெங்களூரில் படிக்கிற பையனின் அம்மாவுக்கு வடமேற்கே போனது, திருப்பூருக்குத் தைக்கப் போனவளின் அப்பாவுக்குத் தென்மேற்கே போனது, செத்துப்போனவரை நினைத்துக்கொண்டிருக்கிறவர் கொளுத்தினால் புகை கீழே இறங்கி, ஊற்றிய தண்ணீர் மாதிரி தரையோடு பரவிக் கிடந்தது. அவர்கள் அதன் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டார்கள். இது எதனால் என்று கொஞ்ச நாள் பேசினார்கள். செண்டில் கோளாறு என்றார்கள், கம்பெனிக் கிணற்றுத் தண்ணீர் என்றார்கள், பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள், புழங்குகிற பொருளை எத்தனை நாளைக்குத்தான் ஆராய்ச்சி செய்வது.

புழங்கப் புழங்க அதற்கென்று முறைகளும் வந்து சேர்ந்தன. காணாமல்போன பசுவைத் தேடி ஒருத்தன் கொளுத்தினான், புகை காட்டிய வழியில் போய்ப் பக்கத்து ஊர்ப் பட்டியிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தான். அதைக் கேள்விப்பட்ட போலீஸ்காரர் ஒருத்தர் ஒரு கட்டு வாங்கிப்போய்த் திருடனைப் பிடிக்கலாம் என்று கொளுத்திப் பார்க்க, புகை ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து அவர் மாமியார் ஊருக்குப் பிரசவத்துக்குப் போயிருந்த பெண்டாட்டி பக்கம் போனது. பாவம், திருடனுக்காக ஏங்க அவரால் முடியவில்லை. பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார், பொண்ணு ஒரு லாவண்டர் கொளுத்தட்டும், பார்க்கலாம் என்று சொல்லப்போக, அந்தத் தெருப் பெண்கள் எல்லாம் கூடிவந்து அவர்களை பஸ் ஏற்றிவிட்டுத்தான் ஓய்ந்தார்கள். அன்றிலிருந்து அடுத்தவர் கொளுத்துகிறபோது உற்றுப் பார்ப்பது மரியாதை இல்லை என்று ஆகிவிட்டது. கல்யாணமே வேண்டாம் என்று இருந்த கணக்கு வாத்தியார் வீட்டுப் புகை தினமும் தெருவைக் கடந்து எதிர்வீட்டு மாடிப்படி ஏறியது, ஊரே அதன் அடியில் குனிந்து போனதே தவிர ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மாரியம்மன் கோயிலில் மட்டும், கொளுத்தின புகையெல்லாம் ஆளுக்கொரு பக்கம் போகிறதே ஒழிய ஒன்றுகூட அம்மன் பக்கம் போகவில்லை என்று பூசாரி கோபித்துக்கொண்டு சாம்பிராணிக்கே திரும்பிவிட்டார்.

இவ்வளவு நடந்தும் கெஜலட்சுமி ஒருத்திதான் அதைக் காற்று என்று அடம் பிடித்தாள். லாட்டுக்கு ஒன்று உருவுவாள், மோப்ப ரூமுக்குள் போய்க் கோணிப்பையைத் திணிப்பாள், கொளுத்துவாள், எட்டப் போய் உட்காருவாள். புகை கிழக்கே சாய்ந்து சுவரில் போய் நிற்கும். இருக்கா, இருக்கா, தரைக்கு இறங்கலை, நல்லாத்தான் இருக்கா என்று அவள் உடம்பெல்லாம் ஒரு தரம் தளர்ந்து கொடுக்கும். வத்தி எரிகிற அந்த நேரம் மட்டும் அவளுக்கு மகள் உண்டு. அடிக்கரி அணைந்ததும் எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, தேறாது என்பாள். தேறும் என்று சொல்லிவிட்டால் ஆர்டர் கப்பலேறிப் போய்விடும், அப்புறம் லாவண்டரைக் கொளுத்த அவளுக்கு என்ன சாக்கு இருக்கிறது? வீட்டில் கொளுத்தினால் ஏங்குகிறாள் என்று ஆகிவிடும். இங்கே கொளுத்தினால் அது வேலை.

நூர்ஜஹான் லேசுப்பட்டவள் இல்லை. "அக்கா, கோணிப்பை இன்னும் ரெண்டு கொண்டாரட்டுமா, காத்து ஜாஸ்தியா வருதோ" என்பாள்.

"வாயை மூடிக்கினு பேக்கிங்கைப் பாரு" என்பாள் கெஜலட்சுமி.

முனிரத்தினமும் ஒருநாள் மோப்ப ரூம் வாசலில் வந்து நின்றார். மனுஷன் பொறுமைசாலிதான். "காத்துன்னு நீ சொல்றே, நானும் சரிங்கறேன். ஆனா இன்னும் எத்தனை லாட்டும்மா இப்படியே கழிச்சுக் கட்டுவே?"

"புகை நேரா நின்னா தேறும்னு சொல்றேங்க."

"உனக்கு எங்க நேரா நிக்கப் போவுது" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காகத் தானே கூசிப்போய், செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டு போய்விட்டார்.

கடைசியில் ஆர்டர் அந்தப் பக்கமே நின்றது. ஆரம்பத்தில் அனுப்பிய சாம்பிளை அந்த நாட்டில் ஒரு ஆபீசில் கொளுத்தினார்களாம். கொளுத்தின அத்தனை பேரும் ஆளுக்கொரு திசையில் லீவு போட்டுவிட்டுப் போய், பாதிப் பேர் திரும்பவே இல்லையாம். எங்களுக்கு இந்தச் சரக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். முனிரத்தினம் கேனைக் கவிழ்த்து அடியில் இருந்ததை வழித்தார். அதில் நனைத்ததுதான் கடைசி லாட். இனிமேல் மல்லிகையும் சந்தனமும் போதும் என்றார்.

அன்றைக்குக் கெஜலட்சுமி உள்ளே போய் ஒன்றைக் கொளுத்தி வைத்துவிட்டு, அது முழுசாக எரியும் வரைக்கும் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். நாளைக்கு இந்நேரம் மல்லிகையைக் கொளுத்தவேண்டும், அந்தப் புகை ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நேராக நிற்கும், மகள் உயிரோடு இருக்கிறாளா என்று அதற்கு எப்படித் தெரியும்? எழுந்து கதவிடுக்கில் இருந்த கோணிப்பையை இழுத்துப் போட்டாள், ஜன்னலைத் திறந்தாள். ஊருப்பட்ட காற்று உள்ளே வந்தது. புகை அசையாமல் கிழக்கே கிடந்தது.

வெளியே வந்து ஒரு கட்டு வத்தியையும் தீப்பெட்டியையும் மடியில் கட்டிக்கொண்டாள்.

"எங்கக்கா கிளம்பிட்டே?" என்றாள் நூர்ஜஹான்.

"இந்தக் காத்து எங்கேருந்து வருதுன்னு பார்த்துட்டு வரேன்."

நூர்ஜஹான் அன்றைக்கு மட்டும் கேலி பேசவில்லை. தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் ஒன்றைக் கொளுத்தினாள், கிழக்கே போனது. பக்கத்தில் நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். பர்கூரில் பஸ் நின்றபோது இறங்கி இன்னொன்றைக் கொளுத்தினாள், கிழக்கே போனது, ரோட்டைப் பிடித்துக்கொண்டு போனது. மகளைப் பார்த்தால் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தாள். எதை எடுத்தாலும் பாதியில் அறுந்து போனது. நான் ஒன்றும் சொல்ல வேண்டாம், தெருமுனையில் நின்று அவள் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன் என்று தனக்குத்தானே பேரம் பேசிக்கொண்டாள்.

நாட்றம்பள்ளியில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார். அவளும் இறங்கிப் புளியமரத்து நிழலில் ஒன்றைக் கொளுத்தினாள். புகை எழுந்தது, ஒரு கணம் தயங்கியது, பிறகு வந்த வழியைப் பார்த்து மேற்கே சாய்ந்தது.

இது மெய்யாகவே காற்றுதான் என்று நினைத்தாள். முந்தானையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு இன்னொன்றைக் கொளுத்தினாள். மேற்கே. டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே இதைப் பார்த்திருக்கவேண்டும். லாவண்டர் அந்த ஊரையும் தாண்டிப் போய் நாளாகியிருந்தது.

"யாரும்மா, வீட்டுக்காரரா?"

"மக. ஆம்பூர்ல இருக்கா. இவ்வளவு தூரமும் கிழக்கதான் காட்டிக்கினு வந்துச்சு."

"அப்போ எதிர்ல போன பஸ்ல போயிட்டாங்க. இப்பத்தானே ஒண்ணு தாண்டிச்சு. அந்தப் பக்கம் போய் நில்லுங்க, அடுத்த கிருஷ்ணகிரி வண்டி வந்துடும், ஓடிப்போய்ப் பிடிச்சிடலாம்."

கெஜலட்சுமி ரோட்டைக் கடந்தாள். அவள் வந்த பஸ்ஸின் கண்டக்டர் டீக்கடைப் பக்கமிருந்து, ஏறுறியாம்மா இல்லையா என்று கேட்டார். நீங்க போங்க என்று கையைக் காட்டினாள். கிருஷ்ணகிரி வண்டி வந்தது. படியில் ஒரு காலை வைத்தவள் எடுத்துவிட்டாள்.

புகை திசையைத்தான் சொல்கிறது, எதற்குப் போகிறாள் என்று சொல்லுகிறதா? அம்மாவைத் தேடிப் போகிறாளோ, இல்லை புருஷனோடு மூட்டை கட்டிக்கொண்டு பெங்களூருக்கே குடி போகிறாளோ, யார் கண்டது. துரத்திக்கொண்டு போய்ப் பிடிக்கலாம். பிடித்து என்ன செய்வது? கிட்ட வராதே என்று சொன்னவள் நான், வரலை என்று வாக்குக் கொடுத்தவள் அவள், அந்த வாக்கை மீறி வருவதா வேண்டாமா என்று அவள் அல்லவா சொல்லவேண்டும். அவள் கையிலும் ஒரு வத்தி இருந்தால் திரும்பிப் பார்ப்பாள். நானும் ஓடி அவளும் ஓடினால் ஆயுசுக்கும் எதிரும் புதிருமாகப் பஸ்ஸில் போய்க்கொண்டே இருக்கவேண்டியதுதான். இங்கேயே இருக்கிறேன், வத்தி தீருகிற வரைக்கும் இருக்கிறேன் என்று முடிவு செய்து, ரோட்டைத் திரும்பக் கடந்து வந்து, டீக்கடைக்காரர் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. ஒன்று எரிந்து முடிகிற கரியில் இன்னொன்றைப் பற்றவைத்தாள். புகை மேற்கேயே கிடந்தது, ஒவ்வொன்றும் போகப்போக இளைத்துக்கொண்டே வந்தது, மகள் தூரம் போகிறாளோ, செண்ட் கம்மியாக ஏறின குச்சிகளோ, அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இத்தனை வருஷம் புகையைப் பார்த்தே சாப்பிட்டவளுக்கு அது தெரியவில்லை. வந்துடுடி, வந்துடு, என் கண்ணு, வந்துடு என்று வாய் பாட்டுக்கு முணுமுணுத்தது. நூர்ஜஹானின் டப்பாவைத் திறக்கவும் இல்லை. வெயில் புளியமரத்தின் அந்தப் பக்கம் போய்விட்டது. கட்டுக்குள் கடைசி வத்தி ஒன்று மிஞ்சியது. அதைக் கொளுத்துவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள், பிறகு கொளுத்தினாள்.

அது பாதி எரிந்திருக்கும்போது மேற்கேயிருந்து ஒரு பஸ் வந்து நின்றது. ஒரு கிழவர் இறங்கினார், இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள் இறங்கினார்கள், கடைசியாக ஜமுனா இறங்கினாள். இளைத்திருந்தாள். ஷூ கம்பெனியின் நீல ஓவர்கோட் போட்டிருந்தாள். கை விரல் நுனியெல்லாம் லாவண்டர் வத்தியின் ஊதாச் சாயம்.

பஸ் போனது. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"பர்கூர்ல கொளுத்திப் பார்த்தேன், புகை திரும்பிடுச்சு" என்றாள். "இறங்கி, அடுத்த வண்டிக்கு நின்னு, மாறி வந்தேன்."

கெஜலட்சுமி ஸ்டூலை விட்டு எழுந்தாள்.

"கிட்ட வரட்டுமாம்மா?" என்றாள் ஜமுனா. ஓவர்கோட்டைக் கழுத்தோடு இழுத்து மூடிக்கொண்டாள். "வேலையிலருந்து அப்படியே கிளம்பிட்டேன். குளிக்கலை."

கெஜலட்சுமி ரோட்டோரத்து மண்ணில் செருப்பை விட்டது தெரியாமல் நடந்து போய், மகளின் தலையை இரண்டு கையாலும் பிடித்து, உச்சியில் மூக்கை வைத்து, வேர்வையும் தோலும் பசையும் பஸ் புகையுமாக இருந்த அந்த முடியை, மூச்சு முட்டுகிற மட்டும் மோந்தாள். விட்டுவிட்டு மறுபடியும் மோந்தாள். வத்தி எங்கேயோ விழுந்து எரிந்துகொண்டிருந்தது. அதன் புகை எந்தப் பக்கம் போனது என்று டீக்கடைக்காரர்கூடப் பார்க்கவில்லை.